வெயில் தோட்டத்துக்கு ஏற்ற தோடை
(தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்குத் தோடங்கன்று பற்றிப் பேசப் போகிறேன். முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருசங்களுக்கு முன்னே சந்தையில் ஒருவர் செக்கச்செவேல் என்று பழம் உள்ள படத்தைக் காட்டி, "வெளிநாட்டு ஒட்டுக்கன்று" என்று ஒரு கன்றை விற்றார். வீட்டுக்குப் பின்னால் நட்டு, ஏழு வருசம் தண்ணீர் ஊற்றினேன். வந்தது முள்ளும் புளிப்புக் காயும்தான். ஒட்டுக்குக் கீழே இருந்து வெடித்த கிளையை வெட்டாமல் விட்டதால், அடிமரமே வளர்ந்து ஒட்டை அமுக்கிவிட்டது. காசு போனது பெரிசில்லை. ஏழு வருசம் போனதே! அது உங்களுக்கு நடக்கக் கூடாது.

நுவரெலியா மாதிரி குளிர் தோட்டங்களுக்கு நான் பேசவில்லை. பசறை, லுணுகலை என்று கீழே இறங்க இறங்க வெயில் கூடும். அங்கே எல்லாத் தோடையும் சரிவராது. தொப்புள் உள்ள நேவல் தோடை பூக்கிற நேரம் சூடு பட்டால் பூவையும் பிஞ்சையும் கொட்டிவிடும். உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்கிற தோடைக்கு இரவுக் குளிர் இல்லாவிட்டால் அந்த நிறம் ஏறாது. வலென்சியா சூட்டைத் தாங்கும். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே நல்ல இனம் இருக்கிறது: மொனராகலை மாவட்டத்துப் பிபிலை இனிப்புத் தோடை. அந்த வெயிலிலேயே பெயர் எடுத்த மரம்.

ஒரு விசயத்தை மறக்காதீர்கள். வெயில் நாட்டில் தோடம்பழம் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் தோல் மஞ்சளாகும். இது தெரியாமல், "காய்தானே அக்கா" என்று வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். ஒரு பழத்தை அவர் கண்முன்னாலேயே வெட்டிக் கொடுங்கள். சாறும் இனிப்பும் பேசட்டும். அதே நேரம், முற்றாததைப் பறித்துவைத்தால் மாங்காய் மாதிரி வீட்டில் பழுக்காது. அதனால் மரத்திலேயே முற்ற விடுங்கள்.

கன்று வாங்கும்போது விவசாயத் திணைக்களத்தில் பதிந்த நாற்றுமேடையில் ஒட்டுக்கன்றாகக் கேளுங்கள். நன்றாகப் பார்த்தால் மூன்று நாலு வருசத்தில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று அதைவிட நெடுநாள் எடுக்கும். இலை மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் தொடவே வேண்டாம். நோய்க் கன்று பக்கத்து வீட்டு மரத்தையும் கெடுக்கும்.

இரண்டு அடிக்கு இரண்டு அடி குழி வெட்டி, சாணி எருவும் மேல்மண்ணும் கலந்து, ஐப்பசி மழையோடு நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அடி அழுகும். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே வெடிக்கிற கிளையை அப்போதைக்கப்போதே கிள்ளிவிடுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

"லயத்து நிலம் நம்முடையதா, மரம் நட்டு என்ன பயன்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் ஆபீசில் கேட்டு, நடுகிற இடத்தை எழுத்தில் வாங்குங்கள். நானும் கூட வருகிறேன். பிறகு வீட்டுக்கு ஒரு கன்று போதும். இன்றைக்குப் பிள்ளைமடுவத்தில் இருக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில், அதன் கையில் நம் வீட்டுப் பழம் இருக்கட்டும்.