வீடற்றோர்க்கு உறவாவோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகிழ்ச்சிக்குரிய விழா நாளில் துயரம் பேசலாகாது என்பர். ஆயினும் என் உள்ளத்தை உறுத்துவது ஒன்றை இன்று சொல்லாது அமர்தல் இயலவில்லை.

அபர்தீன் கடைத்தெருவில் மூடிய கடையொன்றின் திண்ணையில் முதியவர் ஒருவர் இரவுதோறும் படுத்திருந்தார். இச்சங்கக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் அவரைக் கடந்தே வந்தேன். ஒரு மழையிரவில்தான் நின்று பேசினேன். தமிழில் விடை கூறினார். இளமையில் கட்டட வேலைக்கெனக் கப்பலேறி வந்தவர். கை ஓய்ந்தது, வேலை நின்றது, ஊருக்கு எழுதுவதும் நின்றது. மறுவாரம் போர்வையுடன் சென்றேன். திண்ணை வெறுமையாயிருந்தது. எங்குச் சென்றார் என்று சொல்வார் ஒருவருமில்லை.

அன்று உணர்ந்தேன்: வீடின்மை என்பது கூரையின்மை மட்டுமன்று, "உண்டாயா?" என்று கேட்பாரின்மையே அதன் வேர். இவ்வுண்மையை அறிந்து தொண்டு புரிந்த கிறித்தவப் பெருமக்கள் இருவரை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஒருவர் நம்மவர். சென்னை மாகாணத்திலிருந்து வந்த உபதேசியார் வேதப்பன் சாலமோன். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்தப் போர்ட் பிளேரில் நிக்கோபார்ச் சிறுவர்களைப் பேணியவர். 1890-களில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் குடியேறிப் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவன் ஒருவனே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சனாகித் தம் மக்களுக்கு வழிகாட்டினார்; 1952-இல் முதல் மக்களவையிலும் அமர்ந்தார். பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையெனக் கொண்டதன் பயன் அது!

அக்கார் நிக்கோபாரில் 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்ப முறை உண்டு. நிலமும் தென்னையும் பன்றியும் அக்குடும்பத்தார்க்குப் பொது. கைம்பெண்ணுக்கும் தாயிழந்த குழந்தைக்கும் அதில் இடமுண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிக்கொண்டு சென்றது. பின்னர்த் தகரக் குடில்களும் நிலையான வீடுகளும் கிடைத்தன. ஆனால் அவை தனித்தனிச் சிறு குடும்பங்களுக்கென அளிக்கப்பட்டமையால் கூட்டுக்குடும்பம் தளர்ந்தது என்று அங்குச் சென்று ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். கூரை வேண்டும், கூரை மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொருவர், இக்கடலுக்கு வடக்கேயுள்ள கல்கத்தாவில் தொண்டு செய்த அன்னை தெரேசா. காளிகாட் கோயிலை அடுத்த பழைய யாத்திரிகர் விடுதியை மாநகராட்சி வழங்க, 1952-இல் 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தை அங்குத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர். அவரவர் சமயத்துக்குரிய இறுதிக் கடன்கள் அவரவர்க்கு ஆற்றப்பட்டன. முதலில் எதிர்ப்பும் எழுந்தது. காசநோயால் கைவிடப்பட்ட கோயில் அருச்சகர் ஒருவரை அங்கே பேணியது கண்டு அவ்வெதிர்ப்புத் தணிந்தது என்பர்.

அன்பர்களே! இவற்றைக் கேட்டுக் கைதட்டிக் கலைந்து சென்றால் என்ன பயன்? நாமும் உறவினரை அக்கரையில் விட்டு இக்கரை சேர்ந்தவர்களே. நமக்கு உறவாய் நின்றது இச்சங்கம். ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

மழைக்கால இரவுகளில் இம்மண்டபத்தின் ஓர் அறை, இன மொழி சமய வேறுபாடின்றி, ஒதுங்க இடமற்றோர்க்குத் திறந்திருக்கட்டும். கொத்தனாரும் மின்பணியாளரும் கடைக்காரரும் நம்முள் உள்ளனர். வழியறியாது வந்து நிற்கும் இளைஞர்க்கு ஆளுக்கொரு தொழில் கற்பிக்கட்டும். தனித்து வாழும் தொழிலாளர் ஒவ்வொருவருடைய ஊரும் உறவினர் முகவரியும் நம் ஏட்டில் பதியட்டும்.

அந்த முதியவரின் ஊரை மட்டுமே நான் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை. அக்குறை இனி இச்சங்கத்தில் எவருக்கும் நேராதிருக்கட்டும்.