எழுதியவர் கூலி



அதியமான் நெடுமானஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார். அம் மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருளை அனுப்பிவைத்தான். புலவரோ அதனைப் பெற மறுத்தார். இச் செய்தி புறநானூற்றில் உள்ளது. புலமையை அறிந்து தரும் பொருள் மிகச் சிறிதாயினும் அவருக்கு உவப்பே. அறியாது தரும் பொருள் மலையளவாயினும் வேண்டுவதில்லை. அங்கே கொடுத்தவன் காணவில்லை. இன்று அமெரிக்காவில் இதழ்களுக்கு எழுதிப் பிழைப்போர் நிலையோ நேர்மாறானது. ஆங்கே காண்கின்றனர், படிக்கின்றனர், வெளியிடுகின்றனர், கொடுப்பதற்குத்தான் கை நீளுவதில்லை.

எந்த இதழகத்திலும் மாதச் சம்பளம் பெறாமல், கட்டுரைக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு எனப் பேசி எழுதிக் கொடுப்போர் அந்நாட்டில் மிகப் பலர். தாளில் அச்சாகும் இதழ்களுக்கும் இணையத்தில் மட்டுமே வெளிவரும் இதழ்களுக்கும் அவர்கள் எழுதுகின்றனர். கட்டுரையை முழுமையாக எழுதி அனுப்புவது அவர்கள் வழக்கமன்று. முதலில் ஒரு முன்மொழிவு மடல் விடுக்க வேண்டும். எழுதப் போகும் பொருள் யாது, அதனை இப்பொழுது எழுதவேண்டிய தேவை என்ன, யார் யாரைக் கண்டு பேசுவது, இதனை எழுத இவருக்கு என்ன தகுதி என்பனவெல்லாம் ஒரு பக்கத்துள் அடங்கவேண்டும். அவ்வொரு பக்கம் எழுதுவதற்கே பல நாள் படிக்கவேண்டும். நாலைந்து பேரிடமாவது பேசவேண்டும். அவ்வுழைப்பிற்குக் கூலி கிடையாது. மடலைப் பெற்ற ஆசிரியர் பல கிழமை வாய் திறவாதிருப்பார். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினாலும் அது பெரும்பேறே! விடை வராத வரையில் அதே கருத்தை வேறோர் இதழுக்கு அனுப்பலாமா, கூடாதா என்று எழுதியவர் தவிப்பார். செய்தியோ நாளுக்கு நாள் பழையதாகிக் கொண்டிருக்கும்.

ஏற்றுக்கொண்டால் மட்டும் இடர் தீர்ந்துவிடுகின்றதா? எழுதி வாங்கிய பின்னர் வெளியிடாது கைவிட்டால், பேசிய தொகையில் கால்பங்கு போலச் சிறிதளவே தந்து கணக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. வெளிவந்த பின்னரே பணம் என்பது இன்னொரு வழக்கம். கட்டுரை ஆறு திங்கள் உறங்கினால் கூலியும் ஆறு திங்கள் உறங்கும். வீட்டுக்காரர் குடிக்கூலியை அப்படி உறங்க விடுவாரா?

இதனினும் பெரிய கொடுமையொன்று உண்டு. எழுத்தை ஒருமுறை வாங்கிப் பலமுறை விற்பது அது. 1990 முதல் 1993 வரை வெளிவந்த 21 கட்டுரைகளைப் பற்றி எழுந்த வழக்கு இங்கே விரிவாகக் கூறத்தக்கது. அவற்றை எழுதியோர் அறுவர். 'நியூயார்க்கு தைம்சு', 'நியூசுடே' முதலிய இதழ்கள் அக்கட்டுரைகளைத் தாளில் வெளியிட்டன. பின்னர், எழுதியவர்களைக் கேளாமலும் ஒரு காசும் கொடுக்காமலும், கணிப்பொறித் தரவுக் களஞ்சியங்களில் அவற்றைச் சேர்க்க இசைவளித்துப் பணம் பெற்றன. நாட்டு எழுத்தாளர் ஒன்றியத்தின் தலைவராக இருந்த சோனாத்தன் தாசினி முன்னின்று 1993-இல் வழக்குத் தொடுத்தார். 1997-இல் முதல் மன்றத்தில் எழுத்தாளர்கள் தோற்றனர். 1999-இல் மேல்முறையீட்டில் வென்றனர். 2001 சூன் 25-ஆம் நாள் அமெரிக்கத் தலைமை வழக்குமன்றம் எழுவர்க்கு இருவர் என்ற கணக்கில் எழுத்தாளர் பக்கம் நின்றது.

இதழ் முதலாளிகள் கூறிய வாதத்தைப் பாருங்கள். பழைய இதழைப் படச்சுருளில் படியெடுத்து வைப்பது போன்றதே இதுவும் என்றனர். படச்சுருளில் முழுப் பக்கமும் இருக்கும். கட்டுரை தன் அண்டை அயலோடு அங்கே நிற்கும். தரவுக் களஞ்சியத்திலோ கட்டுரை மட்டும் தனியே பெயர்ந்து வருகின்றது. இதழும் இல்லை, பக்கமும் இல்லை. அவ்வாறிருக்க, அது பழைய இதழின் மறுபதிப்பு ஆவதெப்படி? நடுவர் கின்சுபர்க்கு எழுதிய தீர்ப்பின் உயிர்நிலை இதுதான்.

தோற்ற இதழ் என்ன செய்தது? கூலி கொடுப்பதைவிட அழிப்பது எளிது என்று கண்டது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் களஞ்சியத்தினின்று நீக்கப் போவதாக அறிவித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, மின்வடிவ உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கும் புதிய ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. கையெழுத்திட மறுத்தவர்க்கு எழுத இடமில்லை. பிற எழுத்தாளர்களும் சேர்ந்து தொடுத்த வழக்கு 2005-இல் இணக்கத்துக்கு வந்து, மீண்டும் மன்றங்களில் அலைந்து, பணம் எழுத்தாளர் கைக்குச் சேர்ந்தது 2018-இல். முதல் வழக்கிலிருந்து எண்ணினால் இருபத்தைந்து ஆண்டுகள்!

ஆயினும் கூடிநின்றதால் விளைந்த நன்மையும் உண்டு. 'எபொனி' இதழ் தங்களுக்குக் கூலி தரவில்லை என்று 2017-இல் எழுத்தாளர் பலர் வெளிப்படையாகக் குரலெழுப்பினர். ஒன்றியம் வழக்காடி, நாற்பதுக்கு மேற்பட்டோர்க்காக ஏறத்தாழ 80,000 தாலருக்கு 2018-இல் இணக்கம் கண்டது. தனியொருவர் சில நூறு தாலருக்காக வழக்கறிஞரை அமர்த்த முடியுமா? அமர்த்தினால் கூலியினும் செலவே மிகும்.

தனி உழைப்பாளர்களின் ஒன்றியம் போராடியதன் விளைவாக நியூயார்க்கு நகரில் 2017 மே 15 முதல் ஒரு சட்டம் நடப்பிலுள்ளது. வேலை 800 தாலர் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். நாள் குறிக்கப்படாவிடின், வேலை முடிந்த 30 நாளுள் கூலி கொடுக்கவேண்டும். கூலி கேட்டவரைப் பழிவாங்கல் ஆகாது. கொடுக்கத் தவறினால் இருமடங்கு ஈடு செய்ய நேரும். 2024-இல் இலினாய் மாநிலமும் நியூயார்க்கு மாநிலமும், 2025 தொடக்கத்தில் கலிபோர்னியாவும் இவ்வகைச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

அதே கலிபோர்னியா முன்பு ஒருமுறை இடறியதையும் மறைப்பதற்கில்லை. உழைப்பாளரைக் காக்கவென்று 2020 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த சட்டமொன்று, ஓரிதழுக்கு ஆண்டில் 35 கட்டுரைகளுக்கு மேல் எழுதுபவரைப் பணியாளராகவே கொள்ளுமாறு வரையறுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் இதழகங்கள் அவர்களைப் பணியில் அமர்த்தவில்லை, வெளியே அனுப்பின. 'வாக்சு' குழுமம் மட்டும் ஏறத்தாழ இருநூறு பேரை விடுத்தது. எழுத்தாளர்களே எதிர்த்து முறையிட்டபின், அவ்வாண்டு செப்தம்பரில் அவ்வெண் வரம்பு நீக்கப்பட்டது. எழுதுவோரைக் கேளாமல் எழுதுவோர்க்குச் சட்டம் செய்தால் இப்படித்தான் முடியும்.

இச் சட்டங்கள் யாவும் ஆசிரியர் 'ஆகட்டும், எழுதுக' என்று கூறிய நொடியிலிருந்தே எழுத்தாளரைக் காக்கின்றன. அதற்கு முன்னர், விடை வருமோ வாராதோ என்று தெரியாமல் ஒரு பக்க மடலுக்காகச் செலவிட்ட நாள்கள் அவற்றின் கணக்கில் இன்னும் ஏறவில்லை.