அங்கொடையிலிருந்து லயத்துக்குத் திரும்பும் வழி

இன்றைய நாட்சம்பளத்தை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, உளநலத் துறையில் இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

பூட்டிய வாட்டில் இருக்கும், எந்த ஊழியருக்கும் பிடிக்காத நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். விழா நாளில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் நினைப்பீர்கள். நினையுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆளுமைக் கோளாறு என்ற குறிப்போடு அவர் உங்கள் முன்னால் வந்து நிற்பார்.

1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரண்டு பிரித்தானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உளமருத்துவர்கள் பலரிடம் ஒரே நோயாளியின் விவரம் கொடுக்கப்பட்டது. சிலருடைய தாளில் மட்டும், இவருக்கு முன்பு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்பட்டது என்ற குறிப்பு சேர்ந்திருந்தது. அதைப் படித்தவர்கள், இவர் தொல்லை பிடித்தவர், ஆட்களைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பவர், கவனிப்புக்கு அவ்வளவு தகுதியில்லாதவர் என்று எழுதினார்கள். நோயாளி ஒருவர்தான், மாறியது ஒரு வரிதான். 'திமிர் பிடித்தது' என்று தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஆளுமைக் கோளாறு ஒரு மழைக்காலத்தில் வந்து பிடித்துக்கொள்கிற நோயல்ல. இளம் வயதிலிருந்தே ஆளோடு சேர்ந்து வளர்வது. சிலருக்கு, எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம்; நேற்று தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகி; கோபம் உடம்புக்குள் அடங்காதபோது தன் கையையே கிழித்துக்கொள்வது; இது நிலையற்ற ஆளுமைக் கோளாறு. வேறு சிலருக்குப் பிறர் வலி உறைப்பதேயில்லை. பலருடைய சின்ன வயதில் அடியும் கைவிடப்படுதலும் இருக்கும்; எல்லோருக்கும் அப்படியென்று சொல்ல முடியாது.

குற்றம் செய்துவிட்டால் சட்டம் இவர்களுக்கு அதிகம் இடம் வைக்கவில்லை. நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தம் பேதலித்ததால் தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாதவரைத்தான் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆளுமைக் கோளாறு உள்ளவர் பெரும்பாலும் அறிந்தேதான் செய்கிறார். ஆகவே மறியல். மறியலிலும் நிலைமை முற்றினால் அங்கொடை. 1926இல் தொடங்கிய அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம். நீதிமன்றங்கள் அனுப்புகிறவர்களுக்கான பிரிவும் அங்கேதான் இருக்கிறது. மனநலத்துக்கான அடிப்படைச் சட்டமோ இன்னும் 1873இல் வெள்ளைக்காரன் இயற்றியதுதான், 1956இல் திருத்திய வடிவில்.

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ இருக்கும் ஒரு தாய் அங்கொடையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்வர இரண்டு நாள் வேலை போகும். ஆனால் எனக்குப் பெரிய கவலை அந்தத் தூரமல்ல.

மனச்சிதைவு என்றால் மாத்திரை உண்டு, ஊசி உண்டு. சிங்களத்தில் கொடுத்தாலும் தமிழில் கொடுத்தாலும் மாத்திரை வேலை செய்யும். ஆளுமைக் கோளாற்றைத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. நிலையற்ற ஆளுமைக் கோளாற்றுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம் என்றே இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் 2009இல் சொன்னது. இருக்கிற சிகிச்சை பேச்சு மட்டும்தான். மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறையில், நோயாளி கையைக் கிழித்துக்கொண்டால் பிறகு உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போவார்கள். காலையில் ஆளெடுக்கும் பிரட்டில் கணக்கப்பிள்ளை என்ன சொன்னார், அப்போது நெஞ்சில் என்ன செய்தது, வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்ன கேட்டான், பிளேடு எங்கே இருந்தது, எந்த இடத்தில் வேறு வழி எடுத்திருக்கலாம். இதைச் சிங்களம் பெரிதும் புழங்கும் வாட்டில், அரைகுறைச் சிங்களம் தெரிந்த ஒரு தோட்டத்துப் பையனோடு எப்படிச் செய்வது? வாட்டு உதவியாளரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டு, தன் மாமன் தனக்குச் செய்ததை அவன் சொல்வானா? இந்த ஒரு நோயில் மொழிதான் மருந்து. அந்த மருந்து இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதால்தான் இன்று இதைப் பேசத் துணிந்தேன்.

இந்த முறையை உருவாக்கிய லினஹன் தானே 17 வயதில், 1961இல், ஓர் உளநல வைத்தியசாலையில் தனியறையில் அடைக்கப்பட்டிருந்தவர். அதை அவர் வெளியே சொன்னது 2011இல்தான்.

பேச்சு என்றால் எந்தப் பேச்சும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவின் ஓக் ரிட்ஜ் பாதுகாப்பு வைத்தியசாலையில் 1960களில், நோயாளிகளே நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் துணிச்சலான பரிசோதனை நடந்தது. நாள்கணக்கில் குழுவாக அடைத்துவைத்துப் பேசவைத்தார்கள், எல்எஸ்டியும் கொடுத்தார்கள். 1992இல் பின்தொடர்ந்து பார்த்தபோது, பிறர் வலி உறைக்காத வகையினர், அந்தச் சிகிச்சை பெறாத அதே வகையினரைவிடக் கூடுதலாக வன்முறை செய்திருந்தார்கள். பிறரின் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்பது ஆய்வாளர்களின் ஊகம். யாருக்கு எது என்று பார்க்காத நல்லெண்ணம் ஆளைக் கெடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 1995இல் நமது நாட்டில் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 47 வரை ஏறியது. அதன்பின் அது பாதிக்கும் கீழே இறங்கியதற்கு முக்கியக் காரணம் எங்களைப் போன்ற உளநல ஊழியர்கள் அல்ல; கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததுதான். அப்படியென்றால் நஞ்சு குடித்தவர்களில் பலர் கணநேர ஆத்திரத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள். பசறையில் ஒரு பெண் புல்லெண்ணெய் என்ற களைநாசினியைக் குடித்து வாட்டுக்கு வந்தவுடனே அவள் அட்டையில் 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதிவிடாதீர்கள். குடிகாரப் புருஷனும் ஏறிக்கொண்டே போகும் கடனும் அவளுடைய ஆளுமை அல்ல. எழுதிய அந்த வரி என்ன செய்யும் என்று முதலிலேயே சொன்னேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவின் மெக்லீன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்த, நிலையற்ற ஆளுமைக் கோளாறு உள்ள 290 பேரை மேரி ஸனாரினியின் குழு பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 93 விழுக்காட்டினருக்கு நோய்க்குறிகள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது விலகி நின்றன. குணமாகாது என்று அந்தக்கால ஆசிரியர்கள் அடித்துச் சொன்ன நோய்! ஆனால் வேலையும் உறவும் சேர்ந்து முழுமையாகத் தேறியவர்கள் பாதிப்பேர்தான். கிழித்துக்கொள்வது நிற்கிறது, வாழ்க்கை வரமாட்டேன் என்கிறது. புனர்வாழ்வு என்பது அந்த மிச்சப் பாதி.

நம்மூரில் அந்த மிச்சப் பாதி செக்ரோலில், தோட்டத்தின் வேலைப் பெயர்ப் பதிவேட்டில், இருக்கிறது. அங்கொடையிலிருந்து திரும்பியவனுக்கு மறுபடி பேர் போடுவார்களா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அவன் யாரை அடித்தானோ அவரும் படுத்திருக்கும் அதே இடத்தில், அவன் எங்கே படுப்பான்? கோபம் ஏறும்போது பத்து நிமிடம் தனியாக இரு என்று வாட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். லயத்தில் தனியாக இருக்க இடம் எது? இதைத் துரையோடும் தலைவரோடும் தோட்டத்து மருத்துவ உதவியாளரோடும் பேசி முடிப்பது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆள் வெளியேறுவதற்கு முன்பே, பூட்டிய வாட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள், தமிழில். கிளினிக் நாள், மறுபடி தலைதூக்கினால் முதலில் தெரியும் அடையாளங்கள், எந்த நேரமும் பேசக்கூடிய 1926 என்ற தொலைபேசி இலக்கம், உங்கள் பெயர். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பல வீடுகளில் அதை வாசித்துச் சொல்லப்போவது ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை.