வாசி இல்லாத காசு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



"இந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை நாள்?" என்று எங்கள் தாய்மார் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். திங்கள் மாலை செயற்குழு. செவ்வாய் பண்ணிசைப் பயிற்சி. புதன் கொட்டாஞ்சேனையிற் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பு. வெள்ளி கோயிலிற் கூட்டுப் பிரார்த்தனை. சனி அன்னதானத்துக்குக் கறி வெட்டு. அஃதில்லையேல் தனித்திருக்கும் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லல். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. வியாழன் ஒன்றே எஞ்சியிருந்தது. அதனையும் மலர்க்குழு எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழக விரிவுரைகளும் பரீட்சைகளும் இவற்றுக்கிடையே எங்கேயோ நடைபெறுகின்றன.

இத்துணை ஓட்டத்தில் நிறைவு உண்டா என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். உண்டு என்று உடனே கூறிக் கைதட்டலைப் பெற்றுக்கொண்டு அமர்ந்துவிடலாம். ஆனால் ஓட்டம் வேறு, நிறைவு வேறு. வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சில நாட்களிற் கால் வலியும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வருகின்றன. சில நாட்களிற் கால் வலி மட்டுமே வருகின்றது. இது ஏன் என்று நாங்கள் எங்களுக்குள் பலமுறை பேசியதுண்டு.

பெரிய புராணத்திலே திருவீழிமிழலைக் கதையைப் பெரியோர் நன்கறிவர். பஞ்சம் வந்துற்றபோது அடியாருக்கு அமுதளிக்கும் பொருட்டு அப்பரடிகளுக்கும் சம்பந்தப் பெருமானுக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். அப்பரின் மடத்திற் பந்தி முந்தி நடந்தது. சம்பந்தரின் மடத்திற் பிந்தியது. விசாரித்தபோது சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்டனர், அதாவது வட்டம் கழித்தே மாற்றினர் என்பது தெரிந்தது. அப்பரின் காசோ முழுவிலைக்குப் போயிற்று. அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர் என்பதே காரணம். மகனுக்குக் கொடுத்த காசிலும் வேலைக்காரனுக்குக் கொடுத்த காசு மாற்றுயர்ந்தது என்று சேக்கிழார் வைத்த வைப்பை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே உண்டாகின்றது.

இந்த அளவுகோலை எங்கள் வாரத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். திங்கட்கிழமைக் காசுக்கு வாசி மிக அதிகம். சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்தல், அதனைத் திருத்துதல், அடுத்த கூட்டத்தின் திகதியை நிச்சயித்தல் என்று இரண்டு மணி நேரம் கழிகின்றது. (இந்தப் பேச்சும் அவ்வகைக் காசுதான், ஆகவே சுருக்கமாகவே பேசுவோம்.) சனிக்கிழமை அப்படியன்று. பூசணிக்காயை வெட்டிக் கிடாரத்திற் போட்டால் அது வெந்து ஒருவருடைய இலைக்குப் போகின்றது. அதிலே விவாதிக்க ஒன்றுமில்லை.

புதன்கிழமையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். புளூமெண்டால் வீதிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். தந்தையர் பலர் புறக்கோட்டையில் மூட்டை சுமப்போர். சிலர் துறைமுகத்திற் கூலிவேலை செய்வோர். டியூட்டரிக்குக் கட்டப் பணமில்லை. எட்டாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பையன் தேவாரத்தைப் பிழையின்றிப் பாடுவான். பின்னக் கணக்கென்றால் அழுதுவிடுவான். ஆனால் கடையிற் கால் கிலோ சீனியும் அரைக் கிலோ பருப்பும் வாங்கினால் மீதிக் காசு எவ்வளவு என்பதை விரல் மடக்காமலே சொல்வான். அவனுக்குத் தெரிந்த அந்தக் கணக்கையே கொப்பியில் எழுதிக் காட்டினோம். "இதுதானா பின்னம்?" என்று கேட்டான். அடுத்த புதன் எல்லோருக்கும் முன்னரே வந்து உட்கார்ந்திருந்தான். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் தெருவெல்லாம் வெள்ளம். ஒருவரும் வந்திரார் என்று எண்ணிக்கொண்டே போனோம். 11 பிள்ளைகள் புத்தகங்களைச் சொப்பிங் பைகளிற் சுற்றிக்கொண்டு மண்டபப் படியில் இருந்தனர். மண்டபத்தை நாள்தோறும் கூட்டித் திறந்து வைக்கும் அம்மா எமது சங்கத்தின் அங்கத்தவர் அல்லர். எந்த மலரிலும் அவர் படம் வந்ததில்லை. அவருடைய காசுக்கு எந்தக் கடையிலும் வாசி கிடையாது.

எம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனைச் சிலர் குறையாகப் பேசுவர். அங்கேதான் பிரடெரிக் ஓசானாம் என்னும் பாரிஸ் மாணவரைப் பற்றிக் கேட்டோம். "உங்கள் மதம் ஒரு காலத்தில் நன்மை செய்தது, இன்று என்ன செய்கின்றது?" என்று விவாதக் கூட்டமொன்றில் எதிர்க்கட்சியார் கேலி செய்தபோது, அவரும் நண்பர் சிலரும் வாதத்தை விட்டு ஏழைகளின் வீட்டுக்குப் போகத் தொடங்கினர். 1833 இல் இவ்வாறு பிறந்ததே புனித வின்சென்ட் டி போல் சபை. அப்போது அவருக்கு வயது 20. அந்தக் கேள்வி எமக்கும் உரியதே. சுவாமி விபுலாநந்தரும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே கற்றவர். பின்னர் துறவு பூண்டு பாடசாலைகளை வளர்ப்பதையே தமது தவமாகக் கொண்டார். எங்கே கற்றோம் என்பதிலும் கற்றதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பதே பெரிதன்றோ?

கொட்டாஞ்சேனை எமக்குப் புதிய இடமுமன்று. 1897 ஜனவரி 15 இற் சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பிற் கரையிறங்கினார்; மறுநாள் இந்நகரிலேயே பேசினார். அந்த வருகையின் நினைவோடு 1902 இல் எழுந்த விவேகானந்த சபை அங்கேதான், விவேகானந்த மேட்டில், இருக்கின்றது. அச்சபையின் சைவ சமயப் பரீட்சையை எழுதித்தான், மிஷன் பாடசாலையில் இருந்துகொண்டே, நாங்கள் சமயம் படித்தோம்.

இனி வீட்டாரின் அச்சத்துக்கு வருவோம். "முதலிற் படித்துப் பட்டம் பெறு, பிறகு தொண்டு செய்" என்கின்றனர். அந்தப் "பிறகு" என்பதில் எமக்கு நம்பிக்கை குறைவு. பட்டத்துக்குப் பிறகு உத்தியோகம். உத்தியோகத்துக்குப் பிறகு விசா. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் எம்மோடு பண்ணிசை பயின்ற எத்தனை பேர் கடல் கடந்து போயினர் என்பதை இம்மண்டபத்தின் வெற்று நாற்காலிகளே சொல்லும். போனவர்களை நாம் குறை கூறவில்லை. நாளை நாமும் போகலாம். ஆதலாற்றான் இன்றைய புதன்கிழமை அருமையாகின்றது. 1983 ஆடிக் கலவரத்தின்போது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமானத்தளமும் அகதி முகாம்களாயின. வீடிழந்த வாலிபர்களே அங்கே வரிசையை ஒழுங்கு செய்தும் சோறு பரிமாறியும் நின்றனர் என்று இச்சபையில் உள்ள பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்களும் தம் எதிர்காலம் தெளியட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஆயினும் படிப்பைக் கெடுத்துத் தொண்டு செய்வதை நாம் ஆதரிக்கவில்லை. ஏழு நாளும் ஓடுவது எவருக்கும் ஆகாது. எதையாவது விடத்தான் வேண்டும். எதனை விடுவது என்பதே இப்போது எம்முன் உள்ள வழக்கு.

அடுத்த தவணையிலிருந்து கொட்டாஞ்சேனை வகுப்பை நிறுத்திவிடலாம் என்றொரு யோசனை செயற்குழுவில் இருக்கின்றது. பிரயாணம் தூரம், ஆட்கள் போதாது, ஆண்டு விழா ஒத்திகைக்கு நாள் வேண்டும் என்பன காரணங்கள். காரணங்கள் பொய்யல்ல. எனினும் எம் வேண்டுகோள் வேறு. திங்கட்கிழமைக் கூட்டத்தை மாதத்துக்கு ஒன்றாக்குங்கள். விழாவில் ஒரு நாடகத்தைக் குறையுங்கள். புதனைத் தொடவேண்டாம்.

ஆள் பற்றாக்குறைக்கும் வழியுண்டு. இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஒருவரும் சிங்களத்துக்கு ஒருவரும் உடனே தேவை. வகுப்பு 5 மணி முதல் 7 மணி வரை. தனியே பிரயாணம் செய்யவேண்டியதில்லை. காலி வீதியில் இராமகிருஷ்ண வீதி முனையிற் புதன்தோறும் 4 மணிக்கு எம்மில் நால்வர் நிற்போம். திரும்பி வரும்போது வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவோம்.