சிறுவயதில் தலையில் பட்ட அடியும் பின்னாளில் வரும் பதகளிப்பும்

(ஆலோசனைக் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009 இல் வன்னியில் செல் விழுந்த நேரம் நாலைந்து வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இப்ப இருபது தாண்டிவிட்டது. சிலருக்குத் தலையில் காயம் பட்டது. காயம் ஆறியதும் தாய் தகப்பன் ஆறுதலடைந்தார்கள். ஆனால் பதினைந்து வயதளவில் அதே பிள்ளை சனத்துக்குள் போகப் பயப்படுது, நித்திரை இல்லை, கதவு அடிபட்டாலே திடுக்கிடுது. "செல்லம் குடுத்துப் பழுதாக்கினது" என்று சொந்தக்காரர் சொல்லுவினம். எனக்கு இந்தக் கதை கேட்டாலே கோபம் வரும்.

மூளைக்குள் ஆழத்தில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று மணி அடிப்பது அதுதான். "ஒண்டுமில்லை, பயப்பிடாதே" என்று அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. தலையில் அடிபட்டால் மண்டையோட்டில் மோதிக் கன்றிப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று. இது வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதளவு ஆகும். அதனால் 4 வயதில் பட்ட சேதம் அப்பவே தெரியாமல் இருக்கலாம். படிப்பும் பொறுப்பும் கூடுகிற வயதில்தான் குறை வெளியில் வரும். பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பெயர் "சோம்பேறி".

தலையில் அடிபட்ட எல்லோருக்கும் இது வரும் என்றில்லை. யுத்தம் கண்ட பயமும், அகதி வழக்கின் இழுபறியும் தனியாகவே பதகளிப்பைத் தரும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சி.ரி. ஸ்கான் சரி என்றால் மூளையில் ஒரு பாதிப்பும் இல்லை என்று அர்த்தமில்லை.

ஜிபியிடம் போய் "பயமாயிருக்கு" என்று மட்டும் சொல்லாதேங்கோ. எத்தனை வயதில் அடிபட்டது, மயங்கினதா, எவ்வளவு நேரம், வலிப்பு வந்ததா என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கோ. மொழிபெயர்ப்பாளர் இலவசம், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

வழக்கு நடப்பவர்கள் நேர்காணலுக்கு முதலே சொலிசிற்றருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் காயம் ஞாபகத்தையும் குழப்பும். திகதி மாறினால் பொய் என்று எடுக்கக்கூடும்; வைத்திய அறிக்கை கையில் இருந்தால் காரணம் காட்டலாம்.

இன்னொன்று, மறந்திடாதேங்கோ. எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், உடம்புக்குள் செல்துண்டு இருக்கலாம் என்று முதலே சொல்லுங்கோ. அந்த மெசினுக்குள் பெரிய காந்தம் இருக்கிறது, இரும்புத் துண்டை அசைத்துவிடும்.