குரலும் வழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேச வேண்டிய மேடையில் கணிப்பொறியின் பழுதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. மறைந்த நம் மூத்த கவிஞர் ஒருவர், 2004-ஆம் ஆண்டில், இராயபுரத்து வீட்டில் இருந்த கணிப்பொறியில் தம் கவிதைகளைத் தாமே படித்துப் பதிந்து வைத்திருந்தார். அவர்தம் குடும்பத்தார் அதை நம் வட்டத்திற்கு அளித்தனர். பன்னிரண்டு பதிவுகளையும் காதொலிப்பானில் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. குரல் மெலிந்து, தகரத்தில் தட்டியதுபோல் ஒலித்தது. ‘நோயில் தளர்ந்த குரல், விழாவில் ஒலிக்கத் தக்கதன்று’ எனக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

அதைப் படித்த அவர் மகள், “அப்பா குரல் கடைசி வரைக்கும் கணீர்னுதாங்க இருந்தது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அச்சொல் என்னை உறுத்தியது. கணிப்பொறியைத் தண்டையார்பேட்டையில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் திருகுளியை எடுக்குமுன் பதிவுகளைப் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் ஒலிக்கச் செய்தார். குரல் கணீரென்று எழுந்தது. “சார், பதிவுல குறையே இல்ல, போர்டுலதான் குறை” என்றார்.

இன்டெல் நிறுவனம் வகுத்த ‘ஏசி 97’ என்னும் முறை பரவிய பின், தனி ஒலியட்டை இன்றித் தாய்ப்பலகையிலேயே ஒலி பிறக்கும் வழக்கம் பெருகியது. எண்களை ஒலியலையாக்கும் சிறு சில்லுக்கும் காதொலிப்பானுக்கும் இடையே, இடச்செவிக்கு ஒன்றும் வலச்செவிக்கு ஒன்றுமாக மின்தேக்கிகள் நிற்கின்றன. மாறாத மின்னோட்டத்தை மறித்து, அலையும் ஒலியை மட்டும் விடுவது அவற்றின் தொழில். உள்ளே இருக்கும் ஈரம் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தால் உலர்ந்தால், கொள்ளளவு குறையும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 32 ஓம் காதொலிப்பானோடு சேர்ந்தால், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலிகளை விடும். அது பத்தில் ஒன்றாகத் தேய்ந்தால், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை மெலியத் தொடங்கும். ஆண்குரலின் அடிநாதமோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. தொல்காப்பியர் எழுத்துப் பிறக்கும் இடங்களாக எண்ணியவற்றுள் நெஞ்சும் மிடறும் போய், பல்லும் இதழும் மட்டுமே எஞ்சியதுபோல் கேட்கும். நான் கேட்டது அதைத்தான்.

அந்த மின்தேக்கிகளில் புடைப்பும் இல்லை, கசிவும் இல்லை. அளவியில் வைத்தபோதுதான் குறை தெரிந்தது. செருகுவாயில் கடற்காற்றின் உப்பும் படிந்திருந்தது. அதைத் துடைத்தார். ரிச்சி தெருவில் வாங்கிய, அதே கொள்ளளவும் குறையாத மின்னழுத்தத் தாங்குதிறனும் கொண்ட இரண்டை, எதிர்முனைக் கோடு பார்த்துப் பொருத்தி ஈயம் வைத்துப் பற்றவைத்தார். உலோகத் துண்டுகளைப் பொருத்தும் பற்றாசுபோல, முதற்குறளையும் தனிச்சொல்லையும் பொருத்த வரும் ஓரிரு அசைகளை ‘ஆசு’ என்று யாப்பு நூலார் பெயரிட்டது என் நினைவுக்கு வந்தது. ஆசிடை நேரிசை வெண்பாவை மாணவர்க்குப் பலமுறை விளக்கியவன் நான். ஆசு இடுவதை அருகிருந்து கண்டது அன்றுதான்.

அன்பர்களே! குரலைக் குறை கூறுமுன் அது வந்த வழியை நான் ஆராய்ந்திருக்க வேண்டும். ஆராயவில்லை. மகள் ஒருவர் வாய்திறவாமல் இருந்திருந்தால், என் குறிப்பே நம் கவிஞரின் குரலைப் பற்றிய இறுதித் தீர்ப்பாக இவ்வட்டத்தின் ஏட்டில் நின்றிருக்கும். அக்குறிப்பை இம்மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர்தம் பதிவுகளுள் மூன்றை, அதே கணிப்பொறியிலிருந்து, இப்போது கேட்போம்.