மண்ணுக்குள் ஒரு குடித்தனம்

(நம் சங்கக் கிளை ஒன்றின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. அங்கத்தினர் பலர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுத்து வடிவில் வெளியிடப்படுகிறது.)



நான் படித்தது தாவரவியலில் பி.எஸ்ஸி. மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, தில்லி, சண்டிகர் என்று வடக்கிலேயே பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். பஞ்சாப், ஹரியானா கிராமங்களை உத்தியோக நிமித்தம் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இன்று மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னபோது செயலாளர் சற்று யோசித்தார். நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மண் எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் நம்மில் பலருக்குப் பிதிரார்ஜிதமாக ஊரில் ஒன்றிரண்டு ஏக்கராவது இன்னும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை குத்தகைப் பணம் வந்ததா என்று விசாரிப்பதோடு நம் சம்பந்தம் முடிந்துவிடுகிறது. அந்த நிலத்துக்குள் என்ன நடக்கிறது, அதில் சொந்தக்காரருக்கு என்ன பங்கு என்பதுதான் இன்றைய விஷயம்.

வளமான வயலிலிருந்து ஒரு கிராம் மண்ணை எடுத்தால், அதில் பாக்டீரியாக்கள் மட்டும் நூறு கோடி வரை இருக்கலாம். அவற்றில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க முடிந்தவை மிகச் சொற்பம். இவை தவிர பூஞ்சைகள், புழுக்கள், இன்னும் எத்தனையோ. முதல் மழையில் எழும் மண்வாசனையை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் அதை உண்டாக்குகின்றன. காசநோய்க்கு முதல் மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் 1943-ல் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து கிடைத்ததுதான்.

இந்தக் குடித்தனக்காரர்களுக்கு மூன்று தேவைகள். முதலாவது ஆகாரம், அதாவது வேர், இலை, வைக்கோல், சாணம் ஆகியவற்றில் உள்ள கரிமம். இரண்டாவது இருக்க இடம், அதாவது காற்றும் ஈரமும் அளவாக இருக்கும் சிறுசிறு துவாரங்கள். மூன்றாவது, அடிக்கடி வீட்டைக் கலைக்காமல் இருப்பது. மைக்கோரைஸா என்ற பூஞ்சைகள் பயிரின் வேரோடு சேர்ந்து நூலைப் போல மண்ணில் பரவி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. பதிலுக்குப் பயிரிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. ஒவ்வொரு ஆழ உழவிலும் அந்த நூல்கள் அறுந்துபோகின்றன. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துப் பயிர்கள் இந்தப் பூஞ்சையோடு உறவு வைத்துக்கொள்வதே இல்லை. ஆகவே என்ன பயிர் வைக்கிறோம் என்பதும் மண்ணுக்குள் யார் இருப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மத்தியப் பிரதேசத்தில் நல்ல உதாரணம் உண்டு. அங்கே 1970-களில் சோயா மொச்சை பரவலாகப் பயிராகத் தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் நம் மண்ணில் உண்டு என்றாலும், சோயாவின் வேரில் முடிச்சுப் போடும் தனி வகை பல வயல்களில் இல்லை, அல்லது மிகக் குறைவு. விதையோடு அந்தப் பாக்டீரியாவைக் கலந்து விதைக்க வேண்டியிருந்தது. தொடர்ந்து சோயா போட்ட வயல்களில் அது குடியேறிவிட்டது.

அப்படியானால் கடையில் விற்கும் நுண்ணுயிர் உரத்தை வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதற்குப் பதில் தெரியும். தில்லி ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பு மேடையின் உஷ்ணத்தில் வைத்தால்தான் பொங்கும். மாவில் நுண்ணுயிர் இருந்தது, சூழ்நிலை இல்லை. மண்ணிலும் அப்படித்தான். ஆகாரமும் இடமும் இல்லாத நிலத்தில் பொட்டலத்தைக் கொட்டுவது, வெறும் தண்ணீரில் தயிர் உறை ஊற்றுவது போல.

அடுத்து, ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும் என்று பொதுவாகப் பேசப்படுகிறது. விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970-களின் தொடக்கத்திலிருந்து நாட்டின் பல இடங்களில் நீண்டகால உரப் பரிசோதனைகளை நடத்தி வருகிறது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக ஆண்டாண்டு காலம் நடத்துகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில், இயற்கையிலேயே சற்று அமிலத்தன்மை உள்ள மண்ணில், தழைச்சத்து உரத்தை மட்டும் போட்டு வந்த பாத்தியில் அமிலம் ஏறி, விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. தழை, மணி, சாம்பல் சத்துக்களோடு தொழு உரமும் சேர்த்த பாத்தி செழிப்பாக இருந்தது. அதே மண், அதே மழை, அதே வெயில். பொதுவாக இத்தகைய பரிசோதனைகளில், உரத்தோடு தொழு உரமும் பெற்ற பாத்திகளில்தான் நுண்ணுயிர்கள் அதிகமாகக் காணப்படுகின்றன. யூரியா மலிவு என்பதற்காக அதை மட்டும் போடுவதுதான் கெடுதல்.

பஞ்சாபிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. 1960-61-ல் அங்கே சுமார் 2.27 லட்சம் ஹெக்டேரில்தான் நெல் பயிராயிற்று. இப்போது 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நெல்லுக்காகச் சேற்றுழவு செய்து மண்ணின் கட்டுமானத்தைக் குழப்பித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். காற்று நுழையாததால், காற்றில்லாமல் வாழ்கிறவை பெருகுகின்றன. மீத்தேன் வாயுவை வெளியிடுபவை அவற்றில் உண்டு. நான்கு மாதம் கழித்து அதே வயலில் கோதுமை. அதற்குக் காற்றோட்டம் வேண்டும். குடித்தனக்காரர்களை வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறோம். ஆனாலும், அதிக விளைச்சலில் வேரும் அதிகம் என்பதால், பஞ்சாப் மண்ணில் அங்ககக் கரிமம் 1980-களுக்கும் 2000-களுக்கும் இடையே சற்று உயர்ந்ததாகவே லூதியானா விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆகவே பஞ்சாப் விவசாயி மண்ணைக் கொன்றுவிட்டான் என்று தில்லியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது நியாயமில்லை.

நஷ்டம் தீயில்தான். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 400 கிலோ கரிமமும் 5.5 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. கொளுத்தினால் இவ்விரண்டும் அநேகமாக முழுவதும் புகையாகிவிடும். சாம்பல் சத்து பெரும்பகுதி தங்கும். சூடு மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நுண்ணுயிர்களைத் தாக்குகிறது. ஒரு முறை கொளுத்தினால் சில வாரங்களில் அவை மீண்டுவிடும். வருஷா வருஷம் கொளுத்தினால் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். தீ ஒரு நாளில் அணைந்துவிடுகிறது. ஆனால் வருஷம் முழுதும் சாப்பிட வேண்டிய ஆகாரம் போய்விடுகிறது.

விவசாயி ஏன் கொளுத்துகிறார்? நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் வந்த சட்டம் நாற்று நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். பூசா நிறுவனம் கொடுக்கும் பூஞ்சைக் கலவைக்கு வைக்கோலை மக்கச் செய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உழுது புதைத்தாலும் சிக்கல். வைக்கோலில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளாகிவிடும். இதற்கு மாற்றாக, வைக்கோலை மேலே பரப்பிவிட்டு அதன் ஊடே கோதுமை விதைக்கும் ஹாப்பி சீடர் என்ற கருவி, லூதியானா வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த முயற்சியில் 2000-களில் உருவாயிற்று. உழவும் இல்லை, தீயும் இல்லை, மேலே போர்வை.

கருவி வந்தும் ஏன் எல்லோரும் மாறவில்லை? விலை, வாடகை, டிராக்டர் சக்தி என்று பல காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பஞ்சாபில் குத்தகையைத் ‘தேக்கா’ என்பார்கள். பெரும்பாலும் ஒரு வருஷக் கணக்கு, ரொக்கமாக முன்பணம். மண்ணில் கரிமம் ஏற ஐந்து, பத்து வருஷம் ஆகும். அடுத்த வருஷம் இந்த வயல் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர், இன்னொருவருக்காக ஏன் தொழு உரம் அடிப்பார்? அவர் போடுவது யூரியா, வைப்பது தீ. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாம் விவசாயம் செய்யாமல் வருஷா வருஷம் ஏலம் போல் குத்தகையை ஏற்றுகிற சொந்தக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அந்தச் சொந்தக்காரர் ஸ்தானத்தில்தான் இங்கே நாமும் இருக்கிறோம். நிலம் பாலக்காட்டில் இருந்தாலும் சரி, தஞ்சாவூரில் இருந்தாலும் சரி, மண் ஒன்றுதான். நான் சொல்லக்கூடியவை நான்கு.

ஒன்று, முடிந்தால் குத்தகையை மூன்று, ஐந்து வருஷத்துக்குக் கொடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் குத்தகைச் சட்டம் வேறுபடுகிறது. வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு, தாளைக் கொளுத்துவதில்லை, வருஷத்தில் ஒரு முறையாவது தக்கைப்பூண்டோ சணப்பையோ பயறோ போடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். விதைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று, 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 12 அளவுகள் உண்டு. நுண்ணுயிர்களை நேரடியாக எண்ணுவது ஒன்றுகூட இல்லை. ஆனால் அங்ககக் கரிமம் என்ற வரி உங்கள் குடித்தனக்காரர்களின் சாப்பாட்டுக் கணக்கு. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கு, கரிமம் ஏறியிருந்தால் அந்த வருஷம் குத்தகையை உயர்த்தாதீர்கள். நிலத்தைத் திருத்தியவருக்கு அதுவே நாம் கொடுக்கும் மரியாதை.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். ஊரில் நிலம் உள்ளவர்கள் இன்று இரவே குத்தகைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பணத்தைப் பற்றிக் கேட்காமல், போன அறுவடையின் வைக்கோல் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ஆச்சரியப்படுவார், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.